ஃபாரலோன் முட்டைக் கணக்கு

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் கடலில் போனால் ஃபாரலோன் தீவுகள் வரும். வானம் தெளிந்த நாளில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளிலிருந்தே அவற்றைப் பார்க்கலாம். ஆனால் அங்கே கால் வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. படகுத்துறை கிடையாது. அலையில் ஏறி இறங்கும் சிறு படகில் நின்றபடி, கிரேன் கொக்கியிலிருந்து தொங்கும் கயிற்று வலையைப் பற்றிக்கொள்ள வேண்டும். கிரேன் ஆளை அப்படியே தூக்கிப் பாறைமேல் இறக்கிவிடும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இறங்குகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த வேலை, கடற்பறவைகளின் கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் கணக்கெடுப்பது.

அமெரிக்காவில் அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், இதைவிடப் பெரிய கடற்பறவைக் குடியிருப்பு வேறு இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இங்கே இனம் பெருக்குகின்றன. உலகத்து ஆஷி ஸ்டார்ம் பெட்ரல்களில் ஏறத்தாழ பாதி இந்தப் பாறை இடுக்குகளில்தான் முட்டையிடுகின்றன. 1968 ஏப்ரல் மாதம் பாயின்ட் ரெய்ஸ் பறவை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே தங்க ஆரம்பித்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் தீவு ஆளில்லாமல் இருந்ததே இல்லை. அந்த ஆய்வகத்துக்கு 2013 முதல் பாயின்ட் ப்ளூ என்று பெயர். தீவு அமெரிக்க மீன், வனவிலங்குத் துறைக்குச் சொந்தம்.

இந்த வேலைக்கு வந்தவர்களில் வேதாரண்யம் பக்கத்துப் பெண் ஒருவரும் உண்டு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் உப்பளத்து ஓரம் வலை கட்டி உள்ளான்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவதைப் பள்ளிக்கூட வயதில் வேடிக்கை பார்த்தவர். விலங்கியல் படித்து, மேற்படிப்புக்குக் கலிஃபோர்னியா வந்து, பருவகாலக் களப் பணியாளராகத் தீவில் சேர்ந்தார். முதல் வாரத்தில் மூத்த பணியாளர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பறவைப் பெயர்களை அல்ல. “நேற்று எழுதினவர் எந்த முறையில் எழுதினாரோ அதே முறையில் எழுது. முறையை மாற்றினால் முப்பது வருஷக் கணக்கு கெட்டுப்போகும்” என்பதுதான் முதல் பாடம்.

மாவு மூட்டைச் சட்டை

தீவில் முட்டையை முதலில் எண்ணியவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, வியாபாரிகள். 1849-இல் தங்க வேட்டைக்கு ஆட்கள் வந்து குவிந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோவில் கோழிகள் மிகக் குறைவு. மர் என்ற பறவையின் முட்டை கோழி முட்டையைப்போல் இரண்டு மடங்கு பெரிது. டஜன் ஒரு டாலருக்கு விற்றது. மாவு மூட்டைத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பக்கத்துத் திறப்பு வழியாக முட்டைகளை உள்ளே போட்டுப் போட்டு, இடுப்புவரை நிரப்பிக்கொண்டு ஆட்கள் செங்குத்துப் பாறையில் இறங்கினார்கள். பருவத் தொடக்கத்தில் கண்ணில் படும் முட்டை எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள். மறுபடி இட்டவை புதிய முட்டை என்று நம்பி எடுக்கலாம் அல்லவா, அதற்காக. நல்ல வருஷத்தில் ஐந்து லட்சம் முட்டைகள் கரைக்குப் போயின.

1863 ஜூன் மாதம் இரண்டு கும்பல்கள் இந்த வியாபாரத்துக்காகத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன. இரண்டு பேர் செத்தார்கள். முட்டைப் போர் என்று இன்றும் அதற்குப் பெயர். 1881-இல் அரசு முட்டைக் கம்பெனியைத் தீவிலிருந்து வெளியேற்றியது. அதன் பிறகும் முட்டை எடுப்பது முழுவதும் நிற்கவில்லை. அதைக் குறைத்ததில் பெட்டலூமா ஊருக்குப் பங்கு உண்டு. அங்கே 1879-இல் லைமன் பைஸ் உருவாக்கிய அடைகாக்கும் இயந்திரம் கோழிப் பண்ணைகளைப் பெருக்கியது. மலிவாகக் கோழி முட்டை வந்ததும் மர் முட்டையின் விலை விழுந்தது. பாயின்ட் ப்ளூவின் தலைமையகம் இன்று இருப்பதும் அதே பெட்டலூமாவில்தான். லட்சக்கணக்கில் இருந்த மர் பறவைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரமாகச் சுருங்கியிருந்தன. 1909-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வடக்குப் பாறைகளைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தார். ஆட்கள் தங்கும் தென்கிழக்குத் தீவு 1969-இல்தான் அதில் சேர்ந்தது.

செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலின் கதை நேர் எதிர். ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகள் கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். ஃபாரலோனுக்கு அப்படி உரிமையோடு கேட்க ஊரும் இல்லை, வயலும் இல்லை.

மறைவுக் கூண்டில்

மர் கூடு கட்டாது. வெறும் பாறைமேல் ஒரே ஒரு முட்டை. நீலப்பச்சையில், வெள்ளையில், பழுப்பில், மேலே மையைக் கிறுக்கியதுபோல் கோடுகளோடு, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பறவை தன் முட்டையை அந்தக் கோலத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிறது. ஒரு சதுர மீட்டரில் இருபது பறவைகள்கூட நெருக்கியடித்து நிற்கும். அவற்றுக்கு நடுவே மனிதர் போய் நிற்க முடியாது. ஒரு ஆள் எழுந்து நின்றால் போதும், மொத்தக் கூட்டமும் கடலுக்குப் பாயும். அந்தக் கணத்தில் முட்டைகள் உருண்டு விழும்; மிச்சத்தைக் கடற்காகங்கள் தூக்கிப் போகும்.

அதனால் ஷூப்ரிக் முனையில் பலகையால் அடித்த மறைவுக் கூண்டு ஒன்று இருக்கிறது. குனிந்து தவழ்ந்து உள்ளே போய், பலகையைச் சாத்தி, சின்னத் திறப்பு வழியாகத் தொலைநோக்கியை வைத்து உட்கார வேண்டும். கையில் அந்தப் பாறைச் சரிவின் பெரிய புகைப்படம். அதில் ஒவ்வொரு பறவை நிற்கும் இடத்துக்கும் ஒரு எண். எண்ணுக்கு எண் பார்த்து, அன்றைக்கு முட்டை இருந்ததா, குஞ்சு இருந்ததா, வெறுமனே நிற்கிறதா என்று குறிக்க வேண்டும்.

எழுதினால் இரண்டு வரி. உட்கார்ந்து பார்த்தால்தான் பாடு தெரியும். அடைகாக்கும் பறவை முட்டையைக் கால்களுக்கு மேல் ஏற்றி வயிற்றுக்கு அடியில் மறைத்துக்கொள்ளும். முதுகு சற்றே கூனியிருக்கும், இறக்கை ஒருபக்கம் தொங்கும். அனுபவம் உள்ளவர் அதை வைத்தே “இது முட்டையோடு இருக்கிறது” என்பார். ஆனால் நோட்டில் அப்படி எழுதக் கூடாது. பறவை எழுந்து, அலகால் முட்டையைத் திருப்பிவிட்டு மறுபடி உட்காரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். நீலமாக ஒரு கீற்று தெரிந்தால் முட்டை. தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். வேதாரண்யத்துப் பெண் தன்னிடம் வளர்ந்ததாக நினைக்கும் பெரிய பழக்கம் இதுதான்: ஊகத்தை ஊகமாகவும் கண்டதைக் கண்டதாகவும் தனித்தனியே எழுதுவது.

முட்டை பொரித்து மூன்று வாரம் ஆனதும் இன்னொரு காட்சி. சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு அந்தி நேரத்தில் பாறை விளிம்புக்கு வரும். கீழே கடலில் தகப்பன் கூப்பிடும். குஞ்சு குதிக்கும். பிறகு பல வாரங்கள் நடுக்கடலில் மீன் கொடுத்து வளர்ப்பது தகப்பன்தான்.

மர் கூட்டத்தை மொத்தமாக எண்ணுவதற்கு மேலிருந்து எடுத்த படங்கள் உதவுகின்றன. ஆனால் படத்தில் தெரியும் தலைகள் இணைகளின் எண்ணிக்கை ஆகாது. ஜோடியில் ஒன்று கரையில் இருந்தால் மற்றது மீன் தேடிப் போயிருக்கும். முட்டையிடாத இளம் பறவைகளும் நடுவில் நிற்கும். எத்தனை தலைக்கு எத்தனை இணை என்ற விகிதத்தை மறைவுக் கூண்டில் உட்கார்ந்து எடுத்த கணக்குத்தான் தரும். மேலே பறக்கும் கேமராவுக்கும் கீழே ஒரு ஆள் உட்கார வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் கை

கசின் ஆக்லெட் வேறு வகை. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் பறவை. மண்ணில் வளை தோண்டி ஒரு முட்டை இடும். ஆய்வுக்காக மரப்பெட்டிகளை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். குறித்த நாள் இடைவெளியில் மூடியைத் திறந்து கையை விட்டுக் குஞ்சை எடுத்து, துணிப்பையில் போட்டு, வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, அளவுகோலை வைத்து இறக்கை நீளம் எடுத்து, அதே பெட்டியில் அதே பக்கம் பார்த்து வைத்துவிட வேண்டும். குஞ்சு கையில் கக்கினால் இளஞ்சிவப்புக் கூழ் வரும். கிரில் என்ற சிற்றிறால். வேதாரண்யத்துப் பெண்ணுக்கு அந்த வாடை புதிது அல்ல. இறால் காயப்போட்ட கடற்கரையில் வளர்ந்தவர்.

இரவில் விளக்கு கூடாது. தாயும் தகப்பனும் இருட்டில்தான் இரை கொண்டுவரும். வெளிச்சத்தில் வந்தால் கடற்காகங்கள் பிடித்துத் தின்றுவிடும். நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் ஆக்லெட்டுகளின் வரத்தே குறையும். பகலில் கடற்காகங்களின் கோபம் மனிதர்மேல். வெஸ்டர்ன் கல் என்ற கடற்காக இனத்தின் உலகிலேயே பெரிய குடியிருப்பு இங்கே இருக்கிறது. பாதையை விட்டு ஒரு அடி விலகினால் மேலிருந்து பாய்ந்து தலையில் அடிக்கும், எச்சமிடும். கட்டட வேலைக்காரர் போடும் கடினத் தொப்பி போடாமல் யாரும் வெளியே போவதில்லை.

தங்குவது கலங்கரை விளக்கக் காவலர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய வீட்டில். குடிப்பதற்கு மழைநீரைத் தேக்கி வடிகட்டிய தண்ணீர், மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள். காய்கறியும் கடிதமும் கொண்டுவருவது ஃபாரலோன் பேட்ரோல் என்ற தன்னார்வப் படகுக்காரர்கள். சொந்தப் படகு, சொந்தச் செலவு. 1972 முதல் தொடர்ந்து வருகிறார்கள். அலை பெரிதாக இருந்தால் படகு வராது, சமையல் கையிருப்போடு முடியும்.

ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவார். “இன்னைக்கும் பறவையைத்தான் எண்ணுனியாம்மா? நேத்துதானே எண்ணுன?”

“ஆமாம்மா. நேத்து இருந்த முட்டை இன்னைக்கு இருக்கான்னு பார்க்கணும்ல.”

“இல்லைன்னா?”

“ஏன் இல்லைன்னு பார்க்கணும்மா.”

மோசமான வருஷங்கள்

வசந்தத்தில் வடமேற்குக் காற்று வீசி, கடலின் மேல்நீரை விலக்கி, அடியிலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீரை மேலே கொண்டுவருகிறது. அதில் நுண்ணுயிர், நுண்ணுயிரைத் தின்னும் கிரில், கிரிலைத் தின்னும் பாறைமீன் குஞ்சுகள். ஃபாரலோன் பறவைகளின் பிழைப்பு முழுவதும் இந்தக் காற்றை நம்பி. 1983-இல் எல் நினோ வந்து கடல் சூடானபோது தீவில் குஞ்சு பொரிப்பது படுத்துவிட்டது. கடல் தணிந்ததும் மீண்டது. அப்படி ஒரு வருஷம் கெடுவது இயற்கை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

2005 வேறு. எல் நினோ இல்லை. காற்று தாமதமாக வந்தது. மே மாதம் பெட்டிகளைத் திறந்தபோது ஆக்லெட்டுகள் முட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ எல்லாமும். முப்பத்தைந்து வருஷ ஆய்வில் அப்படி நடந்ததே இல்லை. அடுத்த ஆண்டும் அதேபோல் தோல்வி. முப்பத்தைந்து வருஷத்து நோட்டுகள் அலமாரியில் இல்லாமல் இருந்தால், அதை ஒரு துரதிர்ஷ்டமான பருவம் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். பழைய நோட்டுகள் இருந்ததால்தான் அது இதுவரை காணாதது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நல்ல வருஷங்களில் இதே பறவை முதல் குஞ்சை அனுப்பிவிட்டு இரண்டாவது முட்டையும் இட்டு வளர்க்கிறது. ஒரே இனம், ஒரே பெட்டி. பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் கடலின் நிலைமை மட்டும்.

மர் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் என்ன மீன் கொண்டுவருகின்றன என்பதும் கணக்கில் உண்டு. அலகில் நீளவாக்கில் பிடித்திருக்கும் மீனை மறைவுக் கூண்டிலிருந்து பார்த்து, பாறைமீனா நெத்திலியா என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டும். நெத்திலி என்றால் வேதாரண்யத்துப் பெண்ணிடம் யாரும் வாதாடுவதில்லை. 1990களில் பாறைமீன் குறைந்து நெத்திலி கூடியதைப் பறவைகளின் அலகுகள் பதிவு செய்திருக்கின்றன.

எண்ணியதால் நடந்தவை

வெறும் எண்ணிக்கையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தீவுக்காரர்கள் சொல்லும் பதில்கள் சில உண்டு. 1980களின் தொடக்கத்தில் மர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. கரையோரச் செவுள் வலைகளில் சிக்கி 1979 முதல் 1987 வரை எழுபதாயிரத்துக்கும் மேல் மடிந்ததாக மதிப்பிடப்பட்டது. மர் நூறு மீட்டருக்கும் கீழே முங்கி மீன் பிடிக்கும் பறவை. வலை அதன் கண்ணில் படாது. சரிவின் அளவு எண்ணாக முன்னே இருந்ததால் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2002-இல் மத்தியக் கலிஃபோர்னியாவின் ஆழம் குறைந்த கடல் முழுவதும் செவுள் வலைக்கு மூடப்பட்டது.

1986-இல் அபெக்ஸ் ஹூஸ்டன் என்ற எண்ணெய்ப் படகு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாங் பீச்சுக்குப் போகும் வழியெல்லாம் கச்சா எண்ணெய் ஒழுகவிட்டது. சுமார் ஒன்பதாயிரம் பறவைகள் இறந்தன, பெரும்பாலும் மர். பசிஃபிகா ஊருக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு பாறையில் ஏறத்தாழ மூவாயிரம் மர்கள் இருந்த குடியிருப்பு அடியோடு காலியானது. மர் கூட்டம் இருக்கும் இடத்தில்தான் மர் இறங்கும். காலிப் பாறையில் யார் முதலில் இறங்குவது? மெயின் மாநிலத்தில் பஃபின் பறவைகளை மீட்ட ஸ்டீபன் கிரெஸ்ஸின் முறையை இங்கே எடுத்தாண்டார்கள். 1996-இல் பாறைமேல் நூற்றுக்கணக்கான மரப் பொம்மை மர்களை நிறுத்தி, கண்ணாடிகள் வைத்து, ஒலிபெருக்கியில் கூட்டத்தின் இரைச்சலை ஓடவிட்டார்கள். அதே ஆண்டு ஆறு இணைகள் முட்டையிட்டன. பத்தாண்டுக்குள் நூறு இணைகளைத் தாண்டி, பொம்மைகளை எடுத்துவிட முடிந்தது.

மூன்றாவது கதைக்குத் துப்பறியும் கதையின் விறுவிறுப்பு உண்டு. 1990களில் குளிர்காலம்தோறும் எண்ணெய் பூசிய பறவைகள் கரையில் ஒதுங்கின. எந்தக் கப்பலும் எண்ணெய் கொட்டியதாகத் தகவல் இல்லை. இறகிலிருந்து எடுத்த எண்ணெயைச் சோதித்து ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. 2002-இல் மூலம் அகப்பட்டது: 1953-இல் மூழ்கிய ஜேக்கப் லக்கன்பாக் என்ற சரக்குக் கப்பல், கடலடியில் அரை நூற்றாண்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கிச் சுமார் ஒரு லட்சம் காலன் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். 1990 முதல் 2003 வரை அந்தக் கப்பலுக்குப் பலியான பறவைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல்.

முயல்களின் கதை சிறியது, ஆனால் தீவுக்காரர்களுக்குப் பிடித்தது. பழைய காலத்தில் விட்ட முயல்கள் வளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1974 வாக்கில் அவற்றை முழுவதும் அகற்றியதும், ஒரு நூற்றாண்டாகக் காணாமல் போயிருந்த ரைனாசரஸ் ஆக்லெட் தானாகவே வந்து கூடு வைத்தது. இன்று மர்களும் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன.

இரண்டு துருவங்கள்

ஃபாரலோன் பருவம் ஆகஸ்டில் ஓயும். அண்டார்டிகாவில் பென்குயின் பருவம் அக்டோபர் பின்பகுதியில் தொடங்கும். களப் பணியாளர்கள் சிலர் ஒன்றை முடித்துக்கொண்டு மற்றதற்குக் கிளம்புகிறார்கள். ஃபாரலோன் ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான டேவிட் ஐன்லி, 1990-இல் இத்தீவின் பறவைகளைப் பற்றிய பெரிய நூலை வெளிக்கொண்டுவந்தவர். 1996 முதல் ராஸ் தீவில் அடேலி பென்குயின்களைத் தொடரும் ஆய்வையும் அவரும் பாயின்ட் ப்ளூவின் கிராண்ட் பல்லார்டும் வளர்த்தெடுத்தார்கள். பாறை மாறினாலும் நோட்டு அதே மாதிரிதான்.

அடேலிக்கு மூன்று தேவைகள்: பனி படியாத தரை, கூடு அமைக்கக் கூழாங்கல், நடந்து எட்டும் தூரத்தில் திறந்த கடல். ராஸ் தீவில் கேப் குரோஜியரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள். உலகின் பெரிய அடேலிக் குடியிருப்புகளில் ஒன்று. கேப் ராய்ட்ஸில் சில ஆயிரம் இணைகள்தான். ஆனால் உலகில் பென்குயின் குடியிருப்புகளிலேயே தெற்குக் கடைசி அதுதான். அண்டார்டிகப் பயணி ஷாக்கிள்டன் 1908-இல் கட்டிய குடிசை பக்கத்திலேயே நிற்கிறது. கூட்டுக்குப் போகும் வழியில் ஒரு எடைமேடை. வேலி போட்டு ஒரே பாதை விட்டிருப்பதால் பென்குயின் அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். கடலுக்குப் போகும்போது எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று இயந்திரம் எழுதிக்கொள்ளும். வித்தியாசம்தான் குஞ்சுக்குக் கிடைத்த சாப்பாடு.

2000 மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து பி-15 என்ற பனிப்பாறை உடைந்தது. பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சேர்த்து வைத்தால் ஏறத்தாழ அதற்கு ஈடாகும். அதன் பெருந்துண்டு ராஸ் தீவின் பக்கம் வந்து தட்டி நின்றது. கடற்பனி உடைந்து வெளியேற வழி இல்லை. ராய்ட்ஸ் பென்குயின்களுக்குத் திறந்த கடல் எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் தள்ளிப்போனது. நடந்து போய் வந்து குஞ்சு வளர்க்க முடியாமல் அந்தக் குடியிருப்பு வெகுவாக நலிந்தது. ஒரு பனிப்பாறை என்ன செய்யும் என்பதற்கு, அது வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கும் கையில் இருந்தது, வந்த பிறகான கணக்கும் கையில் இருந்தது. களப் பணியாளருக்கு அதைவிட வேறு வரம் வேண்டாம்.

குரோஜியருக்கு முட்டைக்காகவே ஒரு பழைய பயணம் உண்டு. 1911 ஜூலையில், சூரியனே உதிக்காத குளிர்கால இருட்டில், அண்டார்டிகா சென்ற ஸ்காட் குழுவின் வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் மூவரும் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிவரை போன குளிரில் ஐந்து வாரம் வண்டி இழுத்துப் போய்வந்தார்கள். கொண்டுவந்தது மூன்று எம்பரர் பென்குயின் முட்டைகள். ஃபாரலோன் வீட்டுப் புத்தக அலமாரியின் முன்னால் இந்தக் கதை அடிக்கடி பேசப்படும். இப்போது அதே குரோஜியரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் ட்ரோன்களை ஒன்றுக்கொன்று வழி பிரித்துக்கொண்டு பறக்கவைத்து, நாள்கணக்காகும் படமெடுப்பைச் சில மணி நேரத்தில் முடிக்கும் முறையை 2020-இல் வெளியிட்டார்கள்.

வடக்குத் துருவத்துப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். அலாஸ்காவின் உச்சியில் கூப்பர் தீவில் ஜார்ஜ் டிவோக்கி 1975 முதல் கறுப்புக் கில்லிமாட் பறவைகளைத் தொடர்கிறார். கடற்படை விட்டுச்சென்ற மரப்பெட்டிகளில் கூடு வைத்து அவை பெருகின. 1989 வாக்கில் இருநூறு இணைகளுக்கு மேல். பிறகு கடற்பனி கரையை விட்டு விலக விலக, பனிக்கு அடியில் பிடிக்கும் ஆர்க்டிக் காட் மீன் எட்டாமல் போனது. பனி இல்லாமல் கரையில் மாட்டிக்கொண்ட துருவக் கரடிகள் பெட்டிகளைப் புரட்டிக் குஞ்சுகளைத் தின்றன. மரப்பெட்டிகளுக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகள் வைத்துப் பார்த்தார். கரடி நின்றது, மீன் திரும்பவில்லை. குடியிருப்பு பழைய அளவில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது.

2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கை மூடிய சூட்டுநீர்ப் பரப்பு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. முதல் குளிர்காலத்தில் கசின் ஆக்லெட்டுகள் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவரை கரை ஒதுங்கின. அடுத்து மர். கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரையான கரைகளில் ஒதுங்கியவையே அறுபதாயிரத்தைத் தாண்டின. அப்போது இழப்பு பத்து லட்சமாக இருக்கலாம் என்றார்கள். குடியிருப்புகளை ஆண்டாண்டாக எண்ணியவர்களின் கணக்கு 2024-இல் ஒன்றுசேர்ந்து வெளியானபோது, போனது சுமார் நாற்பது லட்சம் என்று தெரிந்தது. அலாஸ்காவின் மர்களில் பாதி. அவை இன்னும் மீளவில்லை.

வேதாரண்யத்துப் பெண் அந்த அறிக்கையைப் படித்த இரவு தூங்கவில்லை. தான் பெயர் வைக்காமல் எண் வைத்துப் பழகிய பறவைகளின் சொந்தக்காரர்கள் அவை. பல குடியிருப்புகளில் எண்ணும் வேலை நடந்திருக்காவிட்டால் நாற்பது லட்சம் என்பது பத்து லட்சமாகவே நின்றிருக்கும் என்று அவர் சக பணியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சுண்டெலி

தீவில் இப்போதைய பெரிய வாக்குவாதம் சுண்டெலி பற்றியது. பழைய கப்பல்களில் வந்து இறங்கிய எலிகள் இலையுதிர்காலத்தில் பெருகித் தரையெங்கும் ஓடும். எலியைத் தின்ன, வழிப்போக்காக வரும் வளை ஆந்தைகள் தீவிலேயே தங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் எலிகள் குறைந்ததும் அவை ஸ்டார்ம் பெட்ரல்களைப் பிடிக்கத் தொடங்குகின்றன. விஷ உருண்டைகளை ஹெலிகாப்டரிலிருந்து தூவி எலியை அடியோடு ஒழிக்கும் திட்டத்துக்கு, 2021 டிசம்பரில் கலிஃபோர்னியா கடற்கரை ஆணையம் நிபந்தனையோடு இசைவு தந்தது. கடற்காகங்கள் விஷத்தைத் தின்றால் என்ன ஆகும் என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பெட்ரல் வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை, முப்பது வருஷம்கூட வாழக்கூடியது. வளர்ந்த பறவை ஒன்று ஆந்தைக்குப் போனால் ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும் என்பதும் நியாயமானது. வேதாரண்யத்துப் பெண் எலியை ஒழிக்க வேண்டும் என்ற பக்கம்.

விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அவர் ராமேஸ்வரம் போகிறார். தனுஷ்கோடிக்கு அப்பால் ஆதம் பாலத்து மணல் திட்டுகளில் கோடைக்காலத்தில் பலவகை ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபாரலோன்போல் அங்கேயும் ஆண்டுதோறும் ஒரே முறையில் கணக்கு எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு என்னென்ன வேண்டும் என்று பாக்கு நீரிணையில் படகோட்டும் உறவினரிடம் ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். வனத்துறை அனுமதி. அலை இறங்கும் நேரம் தெரிந்த படகோட்டி. ஒவ்வொரு வருஷமும் அதே வாரம், அதே திட்டு, அதே நடைவழி. வெயில் ஏறுவதற்கு முன் இறங்கி முன்னதாகவே திரும்பிவிட வேண்டும். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் மணலின் சூட்டில் முட்டை சற்று நேரத்தில் வெந்துவிடும். நாயைப் படகில் ஏற்றக் கூடாது. ஒரு ஆள் எண்ண, ஒரு ஆள் எழுத. முதல் வருஷ நோட்டை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கரையில் யாராவது ஒருவர் வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். பட்டியலைப் படித்துவிட்டு உறவினர் கேட்ட கேள்வி, “வைகாசியில போலாமா, ஆனியில போலாமா?” முதல் முட்டை எப்போது விழுகிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதால், இரண்டு மாதமும் போவது என்று முடிவாகியிருக்கிறது.